லாரி உலாவில் ஆறாவது பெண்

எட்டு நாள் பாட வேண்டிய ஒரு பாட்டு ஏழாவது நாளோடு நின்றுபோனது. அந்தப் பாட்டால் ஒரு பெண்ணின் கல்யாணமும் நின்றுபோனது. இரண்டுக்கும் நான்தான் காரணம் என்று ஐம்பத்தேழு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். இதுவரை ஒருவரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். உங்களுக்குத்தான் இரவல் குடம், வரிசைக் கல் எல்லாம் விளக்கவேண்டியதில்லை.

நான் இப்போது இருப்பதும் மந்தைவெளிதான். மூன்றாவது மாடி, ஐம்பத்துநான்கு படி. லிஃப்ட் போன மாதத்தில் ஒன்பது நாள் ஓடவில்லை. எழுதிவைத்திருக்கிறேன், சங்கத்தில் காட்டினால் சிரிக்கிறார்கள். மனைவி போய் ஆறு வருஷம். மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறான். சென்ற வாரம் நான்கு நிமிஷம், அதற்கு முந்தின வாரம் ஏழு. கீழே தண்ணீர் டேங்கர் வந்தால் வாட்ச்மேன் குழாயை மாட்டுகிறார், மோட்டார் இரைகிறது, தண்ணீர் தன்பாட்டுக்குத் தொட்டிக்குள் போகிறது. இருபத்துநான்கு வீட்டில் ஒருவர்கூட ஜன்னலைத் திறந்து பார்ப்பதில்லை. நான் பார்க்கிறேன்.

அந்தக் கோடையில் எனக்குப் பதினொரு வயது. ஒரே வாசல், ஒன்பது குடித்தனம், ஒரு கிணறு. பங்குனியிலேயே கிணறு வற்றியது. சித்திரை பிறந்ததும் கார்ப்பரேஷன் லாரி வர ஆரம்பித்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு வரும் என்பார்கள். ஆறரைக்கு வரும், ஏழுக்கும் வரும். நாலரை மணிக்கே தெருவில் வரிசை கட்டிவிடும். ஆள் நிற்க வேண்டியதில்லை. உடைந்த பானை, செங்கல், ஒற்றைச் செருப்பு, அறுந்த விளக்குமாறு என்று எதையாவது வைத்து இடம் பிடிக்கலாம். லாரிச் சத்தம் கேட்டதும் செருப்பு இருந்த இடத்தில் குடம் வந்துவிடும். எங்கள் வீட்டு அடையாளம் பிடி உடைந்த ஒரு அலுமினியக் கரண்டி. எல்லோருடைய இடத்தையும் எண்ணிவைத்துத் தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்வது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானே எடுத்துக்கொண்டது.

மொட்டை மாடியில் ஓலைக் கூரை போட்ட ஓர் அறை. அதில் தனியாக இருந்தவரை நாங்கள் மாடி சார் என்போம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அச்சாபீஸில் பிழை திருத்துபவர். முப்பத்தைந்து வயது, ஒரு துத்தநாக வாளி. வாளியின் அடியில் இருந்த ஓட்டையைத் தார் வைத்து அடைத்திருந்தார். அச்சாபீஸில் மீந்த நீள நீளமான புரூஃப் தாள்களைக் கொண்டுவந்து பின்பக்கத்தில் எழுதுவார். அவருக்கு மரபுக் கவிதை கைவந்தது. ஆனால் அவர் அதில் பாடியதெல்லாம் மூட்டைப்பூச்சி, அச்சாபீஸ் முதலாளியின் குடை, பல்வலி. பெரிய புலவர்கள் ராஜாவுக்குப் பாடினார்கள், கேலிக்காரப் புலவர்கள் கழுதைக்கும் அதே யாப்பில் பாடினார்கள், இரண்டுக்கும் வித்வத் ஒன்றுதான் என்பார்.

ஒரு நாள் வரிசையில் காத்திருக்கும்போது அவருக்குத் தோன்றியது. உலா என்று ஒரு வகை உண்டு. தலைவன் தெருவில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு வயதுப் பெண்கள் ஓடிவந்து அவனைப் பார்த்து ஏங்குவார்கள். வளை கழலும், உடல் மெலியும். அவன் யாரையும் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான்.

“நம்ம தெருவுல தெனம் நடக்கது அதுதான!” என்றார் மாடி சார். “ஏழு வயசுப் பொம்பளையும் ஓடி வாராக. ஏங்குதாக. தலைவன் நிக்காமப் போறான். லாரிக்கு ஒரு உலா பாடிருவோம்.”

அடுத்த நாளே ஆரம்பித்துவிட்டார். முதல் நாள் தலைவன் புகழ். வரிசையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நின்று படித்தார்.

சங்கிலிப் பூட்டுடையான் சாக்கடை தாண்டிவரும்
சிங்கமென நீர்சிந்தும் சீர்வாலான் – எங்கள்
பெருவீதி வந்தான் திருக்குழாய் நீட்டி
வருவீதி தோறும் குடங்கள் வணங்க

எங்கள் பெருவீதி பதினொரு அடி அகலம். நானே அளந்திருக்கிறேன். சீர்வால் என்பது லாரியின் பின்னால் தொங்கிய ரப்பர் குழாய். அர்த்தம் சொன்னதும் பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்கு லாரி வந்தபோது யாரோ டிரைவரிடம் சொல்லிவிட்டார்கள்.

“இன்னா சார், என் வண்டிய ராசா மாரி பாடிக்கினு கீறியாமே?” என்றார் அவர் கதவைத் திறந்தபடி. “பிரேக்கு சரியா புடிக்கல, அதையும் சேத்துக்கோ.”

“அது முதல்லயே சேத்தாச்சு. நில்லாத வீரன்னு போட்டிருக்கேன்.”

“நைனா, நீ பெரிய ஆளுப்பா!”

அன்றைக்கு மாடி சாருக்கு மட்டும் இரண்டு வாளி கிடைத்தது. யாரும் சண்டை போடவில்லை.

எத்தனை பேர் எத்தனை முறை சிரிக்கிறார்கள் என்று கரித்துண்டால் சுவரில் கோடு போடுவேன். முதல் நாள் முப்பத்தொன்று. அவர் படித்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, “எத்தனைலே?” என்பார். நான் சொல்வேன். தலையை ஆட்டிக்கொள்வார். எங்கள் ஒன்பது குடித்தனத்தில் என் எண்ணிக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே மனிதர் அவர்தான்.

ஏழு பெண்களுக்கு ஏழு நாள். ஒவ்வொரு வயதுக்கும் தெருவிலிருந்து ஒருத்தியைப் பிடிக்க வேண்டும். பேர் சொல்ல மாட்டார். ஆனால் யார் என்று எல்லோருக்கும் தெரியும். வயதுக் கணக்கு எனக்கு மனப்பாடம். ஐந்திலிருந்து ஏழு பேதை, பதினொன்று வரை பெதும்பை, பதின்மூன்று வரை மங்கை, பத்தொன்பது வரை மடந்தை, இருபத்தைந்து வரை அரிவை, முப்பத்தொன்று வரை தெரிவை, நாற்பது வரை பேரிளம்பெண். யார் எந்த வயது என்று அவர் என்னைத்தான் கேட்டார். எனக்குத் தெரிந்திருந்தது. என் கையெழுத்து மணிமணியாக இருக்கும் என்று ஒன்பது வீட்டுக்கும் ரேஷன் கார்டு மனுவை நான்தான் எழுதிக்கொடுத்திருந்தேன்.

நான்காவது குடித்தனம் அக்கா வீடு. அக்கா என்று தெருவே கூப்பிடும். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டைப்பிஸ்ட், அப்பா இல்லை, அண்ணன் வெளியூரில். அவள் அம்மாவை எல்லோரும் மாமி என்போம். மனு எழுதும்போது அக்காவின் வயது இருபத்தொன்பது என்று மாமி சொன்னாள். ஆனால் அதே மாமி பிள்ளை வீட்டார் வந்தபோது இருபத்துநான்கு என்று சொன்னது எங்கள் வீட்டுச் சுவர் வழியாகவே கேட்டது. மறுநாள் நான் கேட்டேன். மாமி என் காதைப் பிடித்தாள்.

“சர்க்காருக்குப் பொய் சொல்லப்படாதுடா, ஜெயில்ல போட்டுடுவா. சம்பந்திக்குச் சொன்னா யாரு போடப்போறா? வாய மூடிண்டு போ.”

அதை நான் ஒரு விதியாகவே எடுத்துக்கொண்டேன். சர்க்காருக்கு இருபத்தொன்பது, சம்பந்திக்கு இருபத்துநான்கு. மாடி சார் இரண்டிலும் சேராதவர். ஆகவே அவரிடம் உண்மையைச் சொன்னேன். மற்ற ஆறு பேரின் வயதைப் புரூஃப் தாளில் குறித்துக்கொண்டவர் இதை மட்டும் குறிக்கவில்லை. மறந்துவிட்டார் என்று இரண்டாம் முறை சொன்னேன். “சரிலே, கேட்டுட்டேன்” என்றார்.

பேதைக்கு இருபத்திரண்டு சிரிப்பு. பெதும்பைக்கு இருபத்தேழு. மங்கைக்குத்தான் அதிகம், நாற்பத்தாறு. பின்கட்டுப் பெண் ஒருத்தி சோப்புக் கையோடு ஓடிவந்து வளையலைத் தெருவில் தொலைத்தாள்.

சோர்ந்தன கைவளைகள் சோகத்தால் அன்றம்மா
சேர்ந்தசவர்க் காரத்தின் சீர்

சவர்க்காரம் என்றால் சோப்பு என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண்ணே விழுந்து விழுந்து சிரித்தாள். மடந்தை, அரிவை என்று போகப்போகப் பக்கத்துத் தெருக்காரர்களும் கேட்க வந்தார்கள். பாட்டில் வந்த பெண்களுக்கு ஒரு தனி நடை வந்துவிட்டது. என் அம்மாவுக்கு வயது முப்பத்துமூன்று. பேரிளம்பெண், கடைசி நாள். தினமும் கேட்பாள். “என்னை எப்பதான்டா பாடுவாரு? அந்த ஓட்டைக் கொடத்தைப் பத்திச் சொல்ல வேணாம்னு சொல்லு.” அதைத்தான் சொல்ல வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது எனக்கே தெரிந்தது.

இடையில் பிள்ளை வீட்டு அத்தை வர ஆரம்பித்தாள். இரண்டு தெரு தள்ளி இருந்தாள்; பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. அவள் தெருவுக்கு லாரி மூன்று நாளாக வரவில்லை. சம்பந்தி வீடு ஆகப்போகிறது என்று மாமி அவளை வரிசையில் தனக்கு முன்னால் விட்டாள். அதற்கு நான் ஆட்சேபம் சொன்னேன். இன்னொரு முறை காதைப் பிடித்தாள்.

ஏழாவது நாள் தெரிவை. அன்று வாளியைக் கவிழ்த்துப் போடவில்லை. லாரி வந்தபின் வரிசையில் தன் இடத்தில் நின்றபடியே படித்தார். மெதுவாகப் படித்தார்.

எல்லாரும் தண்ணீர்க்கே ஏங்கினார் இங்கிவளோ
சொல்லாமல் நின்றாள் குடம்நிறைந்தும் – செல்லாமல்
நின்றாள் தெரிவை நெடுநேரம் யாரறிவார்
பின்நின்றான் அன்றிப் பிறர்

இதற்கு முன்னும் பின்னும் பத்துப் பன்னிரண்டு வரி உண்டு. எதிலும் சோப்பு இல்லை, ஓட்டைக் குடம் இல்லை. வரிசையில் அக்காவின் குடம் எப்போதும் பதினேழாவது. மாடி சாரின் வாளி பதினெட்டாவது. எல்லோரையும்விட இது எனக்குத்தான் நன்றாகத் தெரியும். தினமும் எண்ணியவன் நான். ஆனால் எண்ணத் தெரிந்த அளவுக்கு எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. சிரிப்பு வரும் என்று கரித்துண்டோடு காத்திருந்தேன்.

“எத்தனைலே?” என்றார்.

“ரெண்டு சார்.”

“யாரு?”

“எங்கம்மா. அப்புறம் லாரிக்காரர்.”

“ரெண்டே அதிகம்லே” என்றார். பாட்டு எடுபடவில்லை என்று வருத்தப்படுகிறார் என நினைத்தேன். நாளைக்கு அம்மா பாட்டுக்கு நிறைய சிரிப்பார்கள் சார் என்று தேறுதல் சொன்னேன்.

அப்போதுதான் பிள்ளை வீட்டு அத்தை என்னைக் கூப்பிட்டாள். “ஏண்டா கொழந்தே, நீதானே கணக்கெல்லாம் போடற பிள்ளை? இன்னிக்கு யாரைப் பாடினார்?”

“அக்காவை.”

“தெரிவைன்னா எத்தனை வயசு, தெரியுமோ?”

தமிழாசிரியைக்கே தெரியாதது எனக்குத் தெரிகிறதே என்ற பெருமை. “இருபத்தாறுலேருந்து முப்பத்தொண்ணு” என்றேன். “அக்காவுக்கு இருபத்தொன்பது.”

அவள் அரைக்குடத்தோடு போய்விட்டாள். தளும்பத் தளும்ப நடந்து போனதை நான் பார்த்தேன். தெருவில் வேறு யாருக்கும் அந்த வயதுக் கணக்கு தெரியாது என்று நினைத்திருந்தேன். தெரிந்தவர்கள் மூன்றே பேர்: மாடி சார், நான், அவள்.

மறுநாள் காலையில் பிள்ளை வீட்டிலிருந்து ஜாதகம் திரும்பி வந்தது. வயதைத் தள்ளி எழுதிய ஜாதகம் என்று ஒரு துண்டுச் சீட்டும் கூட வந்தது. சாயங்காலம் மாடி சார் அச்சாபீஸிலிருந்து வருவதற்காக மாமி முற்றத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர் மூன்றாவது படியில் கால் வைத்தபோது பிடித்துக்கொண்டாள்.

“ஏன்யா, என் பொண்ணு உனக்கு என்னய்யா பண்ணினா? லாரியைப் பாடறேன், லாரியைப் பாடறேன்னு சொல்லிண்டே என் வயத்துல அடிச்சுட்டியே! அவ வயசை உனக்கு யாருய்யா சொன்னா? இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

ஒன்பது குடித்தனமும் வெளியே வந்து நின்றது. நான் கிணற்றடியில் நின்றேன். எனக்குப் பின்னால் அக்கா வீட்டுச் சமையலறை ஜன்னல். மாடி சார் நிமிர்ந்து என் பக்கம் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். பதினான்கு வரை எண்ணினேன்.

“யாரும் சொல்லலம்மா” என்றார். “நானா ஊகிச்சு எழுதினேன். தப்பு என்னோடதுதான்.”

“ஊகமா? ஊகத்துல ஒரு பொண்ணோட வாழ்க்கையைக் கெடுப்பாளா?”

அவர் படியேறி அறைக்குப் போய்விட்டார். அன்றைக்கு வரிசையில் பதினெட்டாவது இடம் காலியாக இருந்தது. மூன்றாம் நாள் விடிந்தபோது அறையும் காலி. நான் மாடிக்கு ஏறிப் பார்த்தேன். கொடிக்கயிறு, இரண்டு ஆணி, ஒன்றும் எழுதாத மூன்று புரூஃப் தாள். அம்மா பாட்டு இருக்கிறதா என்று பாயைக்கூட உதறிப் பார்த்தேன். அம்மா கீழே இருந்தபடி, “கெடக்குது போ, நம்ம பாட்டு வராமலே போச்சு” என்றாள். அப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அலமாரியில் விரிக்க அந்த மூன்று தாளையும் எடுத்துக்கொண்டாள்.

ஊர் ஒரு தீர்ப்புச் சொன்னது. வயதான பெண்ணைக் கேலி செய்யப் போய்க் குடியைக் கெடுத்தான் பாவி என்றது. எனக்கோ என் தீர்ப்பு. சொன்னவன் நான், இரண்டு பேரிடமும் சொன்னவன் நான். மாடி சார் என்னைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு போனார். அக்காவுக்கு வேறு இடம் அமையவில்லை. என் கல்யாணத்துக்கு அவள் வந்து ஒரு எவர்சில்வர் தட்டு வைத்துக்கொடுத்தபோது அதை வாங்கக் கை கூசியது. தெருவை விட்டுப் போனபின் அவளைத் தேடவே இல்லை. தேடினால் சொல்ல வேண்டியிருக்கும்.

போன வருஷம் கண் ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் பேச்சுவாக்கில் அவள் அண்ணன் மகன் என்று தெரிந்தது. அக்கா அவர்களோடுதான் அடையாறில் இருப்பதாகச் சொன்னார். விலாசம் வாங்கி வைத்துக்கொண்டு இருபத்திரண்டு நாள் கழித்தேன். இருபத்துமூன்றாம் நாள் போனேன்.

எண்பத்தாறு வயது. பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். காது நன்றாகக் கேட்டது. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள்.

“கரிக்கட்டிப் பையன்தானே? சுவரெல்லாம் கோடு போடுவியே!”

காபி வந்தது. இரண்டு வாய் குடித்துவிட்டுச் சொல்லிவிட்டேன். ரேஷன் மனு, மாடி சாரிடம் சொன்னது, அத்தையிடம் சொன்னது, அவர் என்னைக் காப்பாற்றியது, எல்லாம். ஐம்பத்தேழு வருஷத்தைச் சொல்லி முடிக்க ஆறு நிமிஷம்கூட ஆகவில்லை. மன்னிக்கணும் அக்கா என்றேன்.

அவள் காபித் தம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, “நீயா?” என்றாள். “உன்னை யாருடா அப்போ கவனிச்சா? அவருக்கு என் வயசை நான்னா சொன்னேன்!”

எனக்குப் புரியவில்லை.

“பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். வரிசைல நின்னுண்டே சொன்னேன். ‘அம்மா இருபத்துநாலுங்கறா. நம்பிடாதீங்கோ. இருபத்தொன்பது. தெரிவைலயே போடுங்கோ’ன்னேன். அந்த அத்தை வர ஆரம்பிச்சப்புறம் மறுபடியும் சொன்னேன். அவளுக்கு இலக்கணம் தெரியும்னு எனக்குத் தெரியாதா? அந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம்டா. வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்ல வாய் வரல. பாட்டுல வந்தா எல்லாரும் சிரிச்சுண்டே தெரிஞ்சுப்பான்னு நெனச்சேன்.”

“அப்போ மாடி சார் முற்றத்துல...”

“ஜன்னலைப் பார்த்தார்.”

“என்னைப் பார்த்தார்னு...”

“உனக்குப் பின்னாடி நான் நின்னுண்டிருந்தேன். அம்மா கேட்டாளே, யாரு சொன்னான்னு. ‘உங்க பொண்ணேதான் சொன்னா’ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், கதவைத் திறந்துண்டு வெளில வந்துடறதுன்னு தாழ்ப்பாள்ல கையை வெச்சுண்டு நின்னேன். ஜாதி வேற, ஊர் வேற, எல்லாம் வேறதான். ஆனா அவர் அதைச் சொல்லிட்டா அப்புறம் மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லையோன்னோ? அந்த மனுஷன் ஊகம்ங்கறார். என்னைக் காப்பாத்தறாராம்.” நாற்காலியின் கையை மெதுவாகத் தட்டினாள். “காப்பாத்த வேண்டாம்னுதானேடா நான் வயசையே சொன்னேன்.”

உள்ளே யாரோ மிக்ஸி போட்டார்கள். அது நின்றது. மாடி சார் எங்கே போனார் என்று பிறகு விசாரித்தீர்களா என்று கேட்டேன். விசாரிக்கவில்லை என்றாள். அவர் வந்து கேட்பார் என்று இரண்டு வருஷம் எதிர்பார்த்தாளாம். அப்புறம் விட்டுவிட்டாளாம்.

“நீ ஏண்டா இத்தனை வருஷம் வரல?” என்றாள். “வந்திருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே.”

மீதிக் காபியைக் குடித்து முடித்தேன். கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். அடிக்கடி வா என்றாள். அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தாள். நான் இரண்டு முறை போனேன். அதைப் பற்றி மறுபடி நாங்கள் பேசவில்லை. முழங்கால் வலியைப் பற்றிப் பேசினோம்.

அந்த முதல் நாள் அடையாறு பஸ் ஸ்டாப்பில் நான் மூன்று பஸ்களை விட்டுவிட்டேன். பாரம் இறங்கியதும் லேசாக இருக்கும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அப்படி இல்லை. மனைவியிடம்கூடச் சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்த ஒன்று. ராத்திரி தூக்கம் வராவிட்டால் அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தவன் என்றாலும், ஒருவர் எனக்காக ஊரையே விட்டுப்போனார் என்று ஒரு பெருமையும் அதில் இருந்தது. அவர் எனக்காகப் போகவில்லை. அந்த முற்றத்தில் இரண்டு பேர் இருந்தார்கள், நான் இடையில் நின்றேன், அவ்வளவுதான். நான்காவது பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கை மந்தைவெளி வரை காலியாகவே வந்தது.